விளக்கு நகரும், வயர் என்ன செய்யும்?

பலர் வீட்டிலும் இப்படி ஒரு மேசை விளக்கு இருக்கும். கழுத்தை இடப்பக்கம் திருப்பினால் எரியும். வலப்பக்கம் திருப்பினால் மினுக்கும். நடுவில் நிறுத்தினால் அணைந்துவிடும். பல்பை மாற்றிப் பார்ப்போம், ஹோல்டரைத் தட்டிப் பார்ப்போம், பிறகு "சரி, இப்படியே இருக்கட்டும்" என்று எரிகிற கோணத்தில் விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்த விளக்கில் கெட்டது பெரும்பாலும் பல்பாகவோ ஹோல்டராகவோ இருக்காது. கழுத்துக்குள் வயர் கொஞ்சம் கொஞ்சமாக ஒடிந்துகொண்டிருக்கும்.

கூரையில் அறைந்து வைத்த விளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை வயர் இழுத்து, ஒருமுறை திருகி மூடினால் ஆண்டுக்கணக்கில் யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. அதே விளக்கைத் திருப்பலாம், தாழ்த்தலாம், நாலடி தள்ளி வைக்கலாம் என்று ஆக்கியவுடன் கேள்வியே மாறிவிடுகிறது. விளக்கு அசைகிறது, சுவர் அசைவதில்லை. இடையில் எங்கோ ஓரிடம் அந்த அசைவைத் தாங்கியாக வேண்டும். அது எந்த இடம் என்று நாம் முடிவு செய்யாவிட்டால், இருப்பதிலேயே பலவீனமான இடம் தானாக அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். மேசை விளக்கின் கழுத்தில் நடந்தது அதுதான்.

அசைவைத் தாங்கும் இடத்தை மூன்று விதமாக அமைக்கலாம். வயரே வளைந்து கொடுக்கலாம். உலோகத் தொடுமுனைகள் ஒன்றன்மேல் ஒன்று நகரலாம். இரண்டும் வேண்டாம் என்றால், விளக்கைக் கழற்றி இன்னோர் இடத்தில் மாட்டலாம். கடையில் பார்க்கும் ஸ்டாண்டு விளக்கு, கூரைச் சட்டத்தில் வேண்டிய இடத்தில் மாட்டும் டிராக் லைட், ஏற்றி இறக்கும் தொங்கு விளக்கு எல்லாமே இந்த மூன்றில் ஒன்று, அல்லது இரண்டின் கலவை.

நகர்வதும் நகர்த்துவதும்

எதை வாங்குவது, எப்படி வயர் இழுப்பது என்று யோசிக்கும் முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த விளக்கு எரிந்துகொண்டே நகருமா, அல்லது எப்போதாவது இடம் மாற்றப்படுமா?

வேலை மேசையில் உள்ள கை விளக்கை ஒரு நாளில் பத்து முறை இழுப்போம், மடக்குவோம். அத்தனை முறையும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓவியக் கண்காட்சிக் கூடத்தின் விளக்கோ சில மாதங்களுக்கு ஒருமுறைதான் இடம் மாறும். முதலாவதற்கு வேண்டியது ஆயிரக்கணக்கான முறை வளைந்தாலும் ஒடியாத வயர். இரண்டாவதற்கு வேண்டியது வேண்டிய இடத்தில் மாட்ட வசதியான இணைப்பு. தவறுகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது. எப்போதாவது நகர்த்தப் போகும் விளக்குக்கு நீளமான வயரைத் தரையில் தவழவிடுவது ஒரு வகை. தினமும் அசையும் விளக்குக்குச் சுவருக்குள் போடும் வயரை எடுத்து மாட்டுவது இன்னொரு வகை.

வளையும் வயர்

அந்த இரண்டாவது தவறை நானும் செய்திருக்கிறேன். மேசைக்கு மேலே கப்பியில் ஏறி இறங்கும் விளக்கு ஒன்றை நானே செய்தேன். மீதமிருந்த சிங்கிள் ஸ்ட்ராண்ட் வயர், அதாவது உள்ளே ஒற்றைச் செம்புக் கம்பி இருப்பது, கையில் இருந்தது. "செம்பு செம்புதானே" என்று அதையே போட்டுவிட்டேன். சில மாதம் நன்றாக எரிந்தது. பிறகு ஹோல்டருக்குச் சற்று மேலே, வெளி இன்சுலேஷனில் ஒரு கீறலும் இல்லாமல், உள்ளே கம்பி மட்டும் இரண்டாக ஒடிந்திருந்தது.

ஒரு செம்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். முதல் இரண்டு முறை மெதுவாக வளையும். பிறகு அந்த இடம் விறைத்துக்கொள்ளும். இன்னும் சில முறை மடக்கினால் 'பட்' என்று ஒடியும். வளைக்கும்போது கம்பியின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெருக்கப்படுகிறது. கம்பி எவ்வளவு தடிமனோ அந்த அளவுக்கு இழுபடுதல் கூடும். அதே வளைவுக்குள் மெல்லிய இழை ஏறக்குறைய சிரமமே இல்லாமல் போய்வரும்.

எண்ணில் பார்த்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். 1.5 சதுர மி.மீ. பரப்புள்ள ஒற்றைக் கம்பியின் விட்டம் சுமார் 1.38 மி.மீ. அதே பரப்பை, தலா 0.25 மி.மீ. உள்ள 30 இழைகளாகப் பிரித்தும் செய்யலாம். வளையும் வயர்கள் பொதுவாக அப்படித்தான் செய்யப்படுகின்றன. ஒரே வளைவில் ஒவ்வோர் இழையும் இழுபடுவது ஒற்றைக் கம்பி இழுபடுவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆயுளில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கடத்திகளை வகைப்படுத்தும் ஐஈசி 60228 என்ற பன்னாட்டுத் தரத்தில் ஒற்றைக் கம்பி வகுப்பு 1, வளையும் வயர் வகுப்பு 5, இன்னும் மெல்லிய இழைகளால் ஆன மிக நெகிழ்வான வயர் வகுப்பு 6. அசையும் விளக்கு என்றால் 5 அல்லது 6தான்.

வெளியுறையும் கவனிக்க வேண்டியதே. சாதாரண பிவிசி உறை வீட்டுக்குள் போதும். ஆனால் குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். பட்டறை, மேடை, திறந்தவெளி போன்ற இடங்களுக்கு ரப்பர் உறைதான் சரி. மிதிபட்டாலும் தாங்கும், சுருண்டு கிடந்தாலும் எளிதில் நேராகும். ஹாலஜன் போல அதிகம் சூடாகும் பல்புக்கு அருகில் பிவிசி நாளடைவில் பொரிந்து உதிரும். அங்கே சிலிக்கோன் ரப்பர் வயரோ, கண்ணாடி இழை ஸ்லீவோ வேண்டும்.

எவ்வளவு தடிமன்? எல்இடி வந்த பிறகு இந்தக் கேள்வி ரொம்பவே எளிதாகிவிட்டது. 230 வோல்ட்டில் 20 வாட் விளக்கு எடுப்பது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. பிரிட்டிஷ் வயரிங் அட்டவணைப்படி வளையும் வயரில் 0.5 சதுர மி.மீ. 3 ஆம்பியரும், 0.75 சதுர மி.மீ. 6 ஆம்பியரும் தாங்கும். மின்சாரக் கணக்குப்படி மிக மெல்லிய வயரே போதும் என்றுதான் வரும். ஆனால் விளக்கு அந்த வயரிலேயே தொங்கப் போகிறது என்றால் எடையும் கணக்கில் சேரும். அதே அட்டவணை 0.5க்கு 2 கிலோ, 0.75க்கு 3 கிலோ, 1 சதுர மி.மீ.க்கு 5 கிலோ என்று வரம்பு வைக்கிறது. அதற்கு மேல் போனால் எடையைச் சங்கிலியோ எஃகுக் கயிறோ சுமக்கட்டும். வயர் பக்கத்தில் தளர்வாகத் தொங்கட்டும். என்னைக் கேட்டால், ஏறி இறங்கும் விளக்கு எதுவானாலும், எடை எவ்வளவு குறைவானாலும், எடையை வயரிடம் தரவே கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது: எக்ஸ்டென்ஷன் ரீல். ரீலில் சுருட்டிய நிலையில் வயர் தன் சூட்டை வெளியே விட முடியாது. அடுக்கின் நடுவில் சூடு சேர்ந்து இன்சுலேஷனே உருகலாம். ரீலின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: முழுதும் பிரித்தால் இவ்வளவு வாட், சுருட்டியிருந்தால் இவ்வளவு வாட். இரண்டாவது எண் முதலாவதைவிட மிகக் குறைவாக இருக்கும். ஒரே ஒரு எல்இடி விளக்குக்கு இது பொருட்டல்ல. அதிக வாட் ஹாலஜன் விளக்குகளை நாலைந்தாக மாட்டுகிறவர் ரீலை முழுதும் பிரித்தே ஆக வேண்டும்.

ஒடிவது எப்போதும் ஓரத்தில்தான்

நல்ல வயரே போட்டாலும் அது ஒடியும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நடு வயரில் ஒடியாது. வயர் எங்கே ஒரு கெட்டியான பொருளுக்குள் நுழைகிறதோ, அந்த வாயில்தான் ஒடியும். பிளக்கின் பின்புறம், ஹோல்டரின் மேல்புறம், விளக்கின் அடித்தட்டு மூன்றுமே அப்படிப்பட்ட இடங்கள். வெளியே வயர் வளைகிறது, உள்ளே வளைய முடியாது. எல்லா வளைவும் அந்தக் கோட்டில் குவிகிறது.

இதற்கு இரண்டு வேறு மருந்துகள் உண்டு. இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் அதிகம். ஒன்று, வளைவைப் பரப்புவது. பிளக்கின் பின்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு ரப்பர் வால் இருக்குமே, அது அழகுக்கு அல்ல. வளைவை ஒரே புள்ளியில் விடாமல் சில சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரப்புகிறது. இன்னொன்று, இழுவையைத் தடுப்பது. யாராவது வயரில் கால் தடுக்கினால் அந்த இழுப்பு உள்ளே திருகிய முனைகளுக்குப் போகக் கூடாது. அதற்குத்தான் பிளக்கின் உள்ளே வயரின் வெளியுறையை அழுத்திப் பிடிக்கும் பட்டை, விளக்கின் நுழைவாயில் வயரை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட். பிடிக்க வேண்டியது வெளியுறையை. உறையை நீளமாக உரித்துவிட்டு உள்ளே உள்ள மெல்லிய வயர்களைப் பட்டையில் சிக்கவைப்பது, பட்டையே இல்லாததைவிட மோசம்.

பழைய பல்பு ஹோல்டர்களில் வயரை உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்துவார்கள். வட அமெரிக்காவில் அதற்கென்று பெயர் பெற்ற ஒரு முடிச்சே உண்டு. ஐஈசியின் விளக்குத் தர விதிகளோ முடிச்சை இழுவைத் தடுப்பாக ஏற்பதில்லை. முறையான பிடிப்பு வேண்டும் என்கின்றன.

முனையில் இன்னும் இரண்டு சிறு பழக்கங்கள். பல இழை வயரின் நுனியில் ஈயம் வைத்து இறுக்கித் திருகுவது பலருக்கும் கைவந்த வேலை. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் மெல்லப் பிதுங்கி இணைப்பைத் தளர்த்தும். தளர்ந்த இணைப்பு சூடாகும். அதோடு ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அங்கேயே ஒடியும். நுனிக்கு அழுத்திப் பொருத்தும் சிறு உலோகக் குழல் போடுவதே சரி. அடுத்தது, எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட வேண்டும். பிடிப்பு கழன்று வயர் பிடுங்கப்பட்டால் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் வரட்டும், எர்த் கடைசியில் வரட்டும்.

திரும்பும் கழுத்து

வளைவுக்கும் முறுக்குக்கும் வித்தியாசம் உண்டு. விளக்கின் தலை வட்டமாகத் திரும்பும்போது, நடுக் குழாய் வழியாகப் போகும் வயர் முறுக்கிக்கொள்கிறது. ஒரு சுற்று என்றால் நீளமான வயர் சமாளிக்கும். ஒரே திசையில் ஐந்து சுற்று சுற்றிவிட்டால் சமாளிக்காது. அதனால் நல்ல விளக்கில் மூட்டுக்குள் ஒரு சிறு தடுப்பு முள் இருக்கும். முழுச் சுற்று முடியும் முன் 'டக்' என்று நிற்கும். "இது ஏன் முழுசா சுத்த மாட்டேங்குது" என்று அந்த முள்ளைப் பெயர்த்தெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர்த்தது வயரின் ஆயுளை.

மேடையில் தானாகத் திரும்பி ஒளி வீசும் விளக்குகளும் இதே விதிக்குள்தான் இயங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பக்கவாட்டில் 540 டிகிரி, அதாவது ஒன்றரைச் சுற்று மட்டுமே திரும்பும். உள்ளே வயர் இருக்கிறது, அதற்கு மேல் முறுக்க முடியாது என்பதே காரணம். முடிவில்லாமல் சுற்ற வேண்டும் என்றால் வயரை விட்டுவிட்டுத் தொடுமுனைக்கு மாற வேண்டும். சுழலும் உலோக வளையத்தின் மேல் பிரஷ் எனப்படும் ஒரு தொடுதுண்டு உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்தும். இதற்கு ஸ்லிப் ரிங் என்று பெயர். இங்கே வயர் ஒடிவதில்லை, அதற்குப் பதில் பிரஷ் தேயும். அசைவு இடம் மாறியது, தீரவில்லை.

கை மடக்கும் மேசை விளக்கில் வயரை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று உற்றுப் பார்ப்பது நல்ல பாடம். ஸ்பிரிங் பலத்தில் எந்த நிலையிலும் நிற்கும் அந்த வடிவத்தை, வண்டிகளின் சஸ்பென்ஷனில் வேலை செய்த பிரிட்டிஷ் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் உருவாக்கினார். ஆங்கிள்பாய்ஸ் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இவ்வகை விளக்குகளில் ஒவ்வொரு மூட்டிலும் வயர் சற்றுத் தளர்ந்து, ஒரு சிறு வளையம் போல வெளியே தெரியும். அது கவனக்குறைவு அல்ல. மூட்டு மடங்கும்போது தேவைப்படும் கூடுதல் நீளம் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று டேப் ஒட்டி இறுக்கினால், அடுத்த முறை கையை நீட்டும்போது வயர் இழுபடும்.

உலோகக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம், கிரோமெட் என்பார்கள், கட்டாயம் இருக்க வேண்டும். அறுத்த குழாயின் விளிம்பு கத்தி மாதிரி. ஒவ்வோர் அசைவிலும் இன்சுலேஷனைச் சுரண்டும். ஒருநாள் ஃபேஸ் உலோக உடலைத் தொடும்.

கழற்றி மாட்டுவது

எப்போதாவது மட்டும் நகர்த்தும் விளக்குக்கு எளிய வழி பிளக்கும் சாக்கெட்டும்தான். அசைவு நடக்கும்போது மின்சாரமே இல்லை என்பதால் இதைவிட நிம்மதியான முறை கிடையாது. நாம் சாக்கெட்டைச் சுவரின் அடியில் மட்டும் வைத்துப் பழகிவிட்டோம். கூரையிலும் சாக்கெட் வைக்கலாம். பல ஐரோப்பிய நாடுகளில் தொங்கு விளக்குகளைப் பிளக் செய்து மாட்டும் கூரை இணைப்புகள் வழக்கத்தில் இருக்கின்றன. விளக்கைத் துடைக்கவோ மாற்றவோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதில்லை. புதிதாகக் கூரை வேலை செய்கிறவர்கள், விளக்கு வரக்கூடிய நாலைந்து இடங்களில் இப்படி ஒரு புள்ளி விட்டு வைத்தால் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

அப்படிப் புள்ளி இல்லாத இடத்தில் தொங்கு விளக்கை மட்டும் நகர்த்த வேண்டுமா? சீலிங் ரோஸிலிருந்து (கூரையில் விளக்கின் வயர் இறங்கும் வட்ட இணைப்பு) நீளமான வயர் எடுத்து, வேண்டிய இடத்தில் ஒரு கொக்கி அறைந்து, அதில் மாட்டித் தொங்கவிடலாம். பழைய உத்திதான், இன்று நாகரிகமாகவும் ஆகிவிட்டது. கொக்கி கூர்மையாக இல்லாமல் வட்டமாக இருக்கட்டும். ரோஸின் பக்கத்தில் இழுவைப் பிடிப்பு இருக்கட்டும். வயர் பக்கவாட்டில் இழுக்கிறது என்பதை மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

டிராக்: நீளமான சாக்கெட்

டிராக் லைட் என்பதைப் புரிந்துகொள்ள எளிய வழி, அதை ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் நீளமுள்ள சாக்கெட் என்று நினைப்பதுதான். அலுமினியச் சட்டம். அதற்குள் பிளாஸ்டிக் இன்சுலேஷன் பள்ளங்களில் செம்புக் கடத்திகள் முழு நீளத்துக்கும் ஓடும். விளக்கின் தலையில் உள்ள அடாப்டரைச் சட்டத்துக்குள் நுழைத்து நெம்புகோலைத் திருப்பினால், சிறு உலோக நாக்குகள் வெளியே வந்து செம்பைத் தொடும். அதே திருப்பலில் விளக்கு சட்டத்தில் பூட்டிக்கொள்ளும். எந்த இடத்திலும் மாட்டலாம், டிராக்கின் வரம்புக்குள் எத்தனை விளக்கும் சேர்க்கலாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்த யோசனை, இன்று காட்சிக்கூடங்களிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் இருக்கிறது. இதற்கான பன்னாட்டுத் தரம் ஐஈசி 60570.

முதல் குழப்பம்: எல்லா அடாப்டரும் எல்லா டிராக்கிலும் பொருந்தாது. வட அமெரிக்காவில் மட்டும் எச், ஜே, எல் என்று மூன்று பரவலான வகைகள். ஒன்றில் மற்றொன்று சேராது. வலுக்கட்டாயமாக நுழைத்தால் நுழையவும் கூடும், ஆனால் எந்த நாக்கு எந்தக் கடத்தியைத் தொடும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் டிராக்கையும் அடாப்டரையும் ஒரே வகையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது குழப்பம் திசை. டிராக்குக்கு இடம், வலம் உண்டு. எர்த் பட்டை ஒரு பக்கமாக இருக்கும். அடாப்டர் ஒரு திசையில் மட்டுமே நுழையும்படி வடிவமைத்திருப்பார்கள். ஆகவே மின்சாரம் கொடுக்கும் முனையிலும் 'எர்த் இடம்', 'எர்த் வலம்' என இரண்டு வகை. 'எல்' வடிவ இணைப்பில் உள்பக்க எர்த், வெளிப்பக்க எர்த் என்று மறுபடி இரண்டு. காகிதத்தில் டிராக்கின் படம் வரைந்து, எர்த் ஓடும் பக்கத்தை ஒரு கோட்டால் குறித்துக்கொண்டு கடைக்குப் போகாதவர் இரண்டாவது முறை போக வேண்டியிருக்கும்.

நீளத்துக்கு வெட்டலாமா? பெரும்பாலானவற்றை வெட்டலாம். வெட்டிய பின் பிசிறை அரத்தால் நீக்கி, செம்புக் கடத்தி சட்டத்தின் விளிம்புக்கு வராதபடி உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு உள்ளே தள்ளி, முனைக்கு மூடி போட வேண்டும். ஒரு சிறு அலுமினியச் சுருள் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தால், ஸ்விட்ச் போட்டவுடன் அது தன் இருப்பைத் தெரிவிக்கும்.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே கொஞ்சம் கடினமான பகுதி. வீட்டில் வைப்பது பெரும்பாலும் ஒற்றைச் சர்க்யூட் டிராக்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். காட்சிக்கூடங்களில் வைப்பது மூன்று சர்க்யூட் டிராக்: மூன்று ஃபேஸ் கடத்திகள், ஒரே ஒரு பொது நியூட்ரல், எர்த். அடாப்டரில் உள்ள சிறு குமிழைத் திருப்பி, இந்த விளக்கு ஒன்றாவது ஸ்விட்சுக்கு, அந்த விளக்கு இரண்டாவதுக்கு என்று பிரிக்கலாம். ஒவ்வொரு கடத்திக்கும் பொதுவாக 16 ஆம்பியர் வரம்பு. 230 வோல்ட்டில் அது 3,680 வாட்.

உண்மையான மூன்று ஃபேஸ் இணைப்பில் பொது நியூட்ரல் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு. மூன்று ஃபேஸின் அலைகளும் ஒன்றுக்கொன்று தள்ளி வருவதால், சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் கட்டடத்தில் ஒரே ஃபேஸ்தான் இருக்கிறது, அதையே மூன்று ஸ்விட்சுகள் வழியாக மூன்று கடத்திகளுக்கும் கொடுக்கிறோம் என்றால் அழிப்பு கிடையாது, கூட்டல்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்தால், பேச்சுக்கு, நியூட்ரலில் 48 ஆம்பியர் வரை திரும்பி வரலாம். அதுவும் 16 ஆம்பியருக்கான செம்புதான், அதைக் காக்க எந்த எம்சிபியும் இல்லை. தீர்வு எளிது: மூன்றுக்கும் சேர்த்து முன்னால் ஒரே 16 ஆம்பியர் எம்சிபி, அதற்குப் பின் மூன்று ஸ்விட்ச்.

மூன்று ஃபேஸிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்தப் பொது நியூட்ரல் எங்கேனும் கழன்றால், ஒரு ஃபேஸில் உள்ள விளக்குகளும் அடுத்த ஃபேஸில் உள்ள விளக்குகளும் 400 வோல்ட்டுக்கு இடையில் தொடராக மாட்டிக்கொள்ளும். சுமை குறைந்த பக்கத்துக்கு 230ஐவிட மிக அதிக வோல்ட் போகும். ஒரு பக்க விளக்குகள் மங்க, மறுபக்கத்தில் டிரைவர்கள், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டுகள், வரிசையாகப் புகையும். டிராக் வேலையில் நியூட்ரல் முனையை இரண்டாவது முறை இறுக்கிப் பார்ப்பவரைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்யாதீர்கள்.

எல்இடி காலத்தில் 16 ஆம்பியரை எட்டுவதே அபூர்வம். 30 வாட் விளக்கு 20 மாட்டினாலும் 600 வாட், மூன்று ஆம்பியர்கூட இல்லை. ஆனாலும் சில டிராக்குகள் ஸ்விட்ச் போட்டவுடன் எம்சிபியைத் தட்டிவிடும். ஒவ்வொரு எல்இடி டிரைவரும் தன் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்ள, முதல் கணத்தில் மிகச் சிறு நேரத்துக்குப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். இருபது டிரைவரும் ஒரே கணத்தில் இழுத்தால் எம்சிபி அதை ஷார்ட் என்று எண்ணிக்கொள்ளும். ஓர் எம்சிபியில் எத்தனை டிரைவர் மாட்டலாம் என்பது டிரைவரின் தகவல் தாளில் இருக்கும். வாட்டைக் கூட்டிப் பார்ப்பதோடு இதையும் பார்க்க வேண்டும்.

230ஐ அங்கேயே நிறுத்திவிட்டால்?

அசையும் பகுதிக்குள் மெயின்ஸ் வோல்ட்டேஜே போகாமல் செய்துவிடலாமே என்று தோன்றும். நியாயமான யோசனைதான். டிரைவரை மேலே நிலையான இடத்தில் வைத்துவிட்டு, கீழே 12, 24 அல்லது 48 வோல்ட் மட்டும் அனுப்பலாம். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய டிராக்குகள் பெரும்பாலும் 48 வோல்ட்டில் இயங்குகின்றன. உள்ளே கடத்தி தொடும்படியாகவே இருக்கும். முறையான பிரிப்புள்ள டிரைவர் என்றால் விரல் பட்டாலும் ஷாக் இல்லை.

ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 50 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.22 ஆம்பியர் போதும். 48இல் சுமார் 1 ஆம்பியர். 12இல் 4 ஆம்பியருக்கும் மேல். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 10 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் தடை சுமார் 0.24 ஓம். 12 வோல்ட்டில் அங்கே ஒரு வோல்ட் போய்விடுகிறது, மொத்தத்தில் 8 சதவீதம். விளக்கு கண்ணுக்குத் தெரியவே மங்கும். 48 வோல்ட்டில் கால் வோல்ட், அரை சதவீதம். 230இல் பேசவே வேண்டாம். காந்த டிராக்குகளில் 12ஐ அதிகம் பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷாக் இல்லை என்பதால் தீயும் இல்லை என்று ஆகாது. தளர்ந்த இணைப்பு எவ்வளவு சூடாகும் என்பதை ஆம்பியர்தான் தீர்மானிக்கிறது. ஒரு காலத்தில் அறையின் குறுக்கே இரண்டு வெற்றுக் கம்பிகளைக் கட்டி, அவற்றில் 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகளைத் தொங்கவிடுவது பிரபலமாக இருந்தது. இரண்டு கம்பியின் மேலும் ஓர் உலோகக் கொக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், அதற்கு ஷார்ட்டை உணர்ந்து துண்டிக்கும் டிரான்ஸ்பார்மர் ஏன் தேவை என்று புரிந்துவிடும்.

எல்இடியில் இன்னொரு நுணுக்கம். சில டிரைவர்கள் வோல்ட்டை நிலையாக வைக்கும், சில மின்னோட்டத்தை நிலையாக வைக்கும். எரியும்போதே கழற்றி மாட்டும் அமைப்புக்கு முதல் வகைதான் பொருந்தும். இரண்டாவது வகை, விளக்கைக் கழற்றியவுடன் மின்னோட்டத்தைத் தள்ள முயன்று வோல்ட்டை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருக்கும். அந்த நிலையில் விளக்கைத் திரும்ப மாட்டினால் முதல் அடியிலேயே எல்இடி போய்விடலாம். அதனால்தான் காந்த டிராக்கில் நிலையான வோல்ட் ஓட, ஒவ்வொரு விளக்குக்குள்ளும் தனியாக ஒரு சிறு மின்னோட்டக் கட்டுப்பாடு இருக்கிறது.

எர்த்தும் ஸ்விட்சும்

கையால் பிடித்துத் திருப்பும் விளக்கு என்பதால் அதன் உலோக உடலை நாம் அடிக்கடி தொடுகிறோம். ஆகவே எர்த் இங்கே அலங்காரம் அல்ல. உலோக உடல் விளக்குக்கு மூன்று வயர் வேண்டும். மூட்டுகள் உள்ள விளக்கில் பெயின்ட் பூசிய மூட்டு வழியாக எர்த் போகும் என்று நம்பக் கூடாது, எர்த் வயரே ஒவ்வொரு தனி உலோகப் பகுதிக்கும் போக வேண்டும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி விளக்கில் இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ளது. அதற்கு எர்த் தேவையில்லை, இரண்டு வயர் போதும். அந்தக் குறியும் இல்லை, மூன்றாவது வயரும் இல்லை, உடல் மட்டும் உலோகம் என்றால் அந்த விளக்கை வாங்காதீர்கள். இவற்றுக்கெல்லாம் மேல் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று இருந்தால், நகரும் வயரில் வரும் கசிவுகளில் பலவற்றை அது பிடித்துவிடும்.

ஸ்விட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. வயரின் நடுவில் வரும் சிறு ஸ்விட்ச் பெரும்பாலும் ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். பிளக்கை இரண்டு விதமாகவும் செருகக்கூடிய நாடுகளில் அந்த வயர் ஃபேஸாகவும் இருக்கலாம், நியூட்ரலாகவும் இருக்கலாம். நியூட்ரல் துண்டிக்கப்பட்டாலும் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டருக்குள் ஃபேஸ் உயிரோடு இருக்கும். திருகும் பல்பு என்றால் விரல் படக்கூடிய வெளி உலோகத்திலேயே அது இருக்கலாம். பல்பு மாற்ற ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிராக், சீலிங் ரோஸ் போன்ற நிலையான பகுதிகளில் கை வைக்கும் முன் எம்சிபியை இறக்கிவிட்டு டெஸ்டரால் சரிபார்க்க வேண்டும். பல நாடுகளில் அந்த வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது.

சரி, அந்த மேசை விளக்கு? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, பிளக் முள்ளையும் ஹோல்டர் முனையையும் தொட்டபடி கழுத்தை மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் விட்டுவிட்டு வரும் இடத்தில்தான் ஒடிவு. அந்த இடத்தை மட்டும் டேப் சுற்றி ஒட்டப் பார்க்காதீர்கள். கழுத்துக்குள் ஒட்டுப்போட்ட வயர் இன்னும் சீக்கிரம் ஒடியும். பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, பழையதை இழுத்தால் புதியது தானாகக் குழாய்க்குள் வந்துவிடும். வகுப்பு 6 கிடைத்தால் அதையே போடுங்கள். மூட்டில் அந்தச் சிறு வளையத்தை மட்டும் விட மறக்காதீர்கள்.